மியூசியம் குடோன்ல போய் என்னத்தைப் பார்க்கிறது?

உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். மேலோட்டமா நீங்க கேட்டிருக்கிறது, லண்டன்ல விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் (சுருக்கமா வி அண்ட் ஏ) தன்னோட குடோனையே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருக்காங்களாமே, பத்து வயசுப் பையனையும் முட்டிவலி இருக்கிற அம்மாவையும் கூட்டிட்டு வர்றேன், அரை நாள் ஒதுக்கலாமான்னு. ஆனா கடைசியில ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, "நல்ல பொருளையெல்லாம் பெரிய மியூசியத்துலயே வெச்சிருப்பாங்க, மிச்சம் மீதியைத்தானே குடோன்ல போட்டிருப்பாங்க"ன்னு, அசல் கேள்வி அதுதான். அதுக்குப் பதில் சொல்லாம முதல் கேள்விக்குப் போனா நீங்க அங்க போய் இருபது நிமிஷம் ராக்கை அண்ணாந்து பார்த்துட்டு, போட்டோ எடுத்துட்டு வெளிய வந்துடுவீங்க.

என்னைப் பத்தி ரெண்டு வரி சொல்லிடறேன், அப்பதான் எதை நம்பலாம் எதை விடலாம்னு உங்களுக்குத் தெரியும். 17 வருஷமா மியூசியம் கிடங்குகள்லதான் வேலை. பொருளை எடுக்கிறது, பொதியறது, ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்கு நகர்த்துறது, பூச்சி வந்திருக்கான்னு பார்க்கிறது, இதுதான் தொழில். பீங்கான், மரம், கண்ணாடி இதுங்கள்ல எனக்குக் கை பழகியிருக்கு, துணியில நான் நிபுணன் இல்லை, துணிக்காரங்களோட ஒரே ரூம்ல உக்காந்து டீ குடிச்ச பழக்கம்தான். நீங்க கேக்கிற வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ்ல நான் வேலை பார்த்ததில்லை, மூணு தடவை வெறும் பார்வையாளரா போயிருக்கேன். அதனால உள்ள இருக்கிற அரசியலெல்லாம் என்கிட்ட கேக்காதீங்க.

சரி, மிச்சம் மீதி விஷயம். எங்கப்பா மதுரையில ஒரு ஜவுளிக்கடையில கணக்குப் பிள்ளை. லீவு நாள்ல நானும் கடைக்குப் போவேன். அந்தக் கடை ஷோகேஸ்ல பொம்மைக்குக் கட்டிவிடுற சேலை எப்பவுமே நல்ல சேலையாத்தான் இருக்கும், ஆனா மூணு மாசம் கழிச்சு அதை அவுத்தா வெயில் பட்ட பக்கம் ஒரு கலர், மடிப்புக்குள்ள இருந்த பக்கம் ஒரு கலர். அது நேரா ஆடித் தள்ளுபடிக்குப் போயிடும். குடோன்ல பீரோவுக்குள்ள இருக்கிற அதே டிசைன் சேலை புதுசு மாதிரியே இருக்கும். மியூசியம்ல நடக்கிறதும் இதேதான். வெளிச்சம் பட்டுச் சாயம் போறதுங்கிறது சேர்ந்துக்கிட்டே போற சேதம், விளக்கை அணைச்சு வெச்சா திரும்பி வராது. அதனாலதான் துணி, காகிதம், வாட்டர்கலர் இதையெல்லாம் 50 லக்ஸ் வெளிச்சத்துலதான் காட்டுவாங்க (நல்ல வெயில்ல வெளிய நின்னா ஒரு லட்சம் லக்ஸ் வரைக்கும் வரும், ஒப்பிட்டுப் பாருங்க), அதுவும் சில மாசம் காட்டிட்டு பல வருஷம் இருட்டுல ரெஸ்ட் குடுப்பாங்க. ஆக ஒரு பொருள் குடோன்ல இருக்குன்னா அது மட்டம்னு அர்த்தம் இல்லை. ரொம்ப நல்ல பொருளா இருக்கிறதாலயே அங்க இருக்கலாம். இது எனக்குச் சந்தேகமே இல்லாத விஷயம்.

ரெண்டாவது காரணம் இன்னும் சாதாரணம், இடம் இல்லை. வி அண்ட் ஏகிட்ட மொத்தம் 28 லட்சம் பொருளுக்கு மேல இருக்கு. உங்க வீட்டுக் கொலு மாதிரி நினைச்சுக்கங்க, ஒன்பது படிக்கு வேண்டியது அம்பது பொம்மை, பரண்ல டிரங்குப் பெட்டியில இருக்கிறது இருநூறு, ஒவ்வொரு வருஷமும் மாத்தி மாத்தி எடுப்பாங்க, சிலது உடைஞ்ச மூக்கோட பாட்டி ஞாபகத்துக்காக மட்டுமே பெட்டியில இருக்கும். மூணாவது காரணம்தான் வெளியாளுங்களுக்குப் புரியறதில்லை. ஒரே மாதிரி ஸ்பூன் இருநூறு இருந்தா பார்வையாளருக்கு அது போர், ஆனா எந்த வருஷம் எந்தப் பட்டறையில அச்சு மாறுச்சுன்னு கண்டுபிடிக்கணும்னா இருநூறும் வேணும், ஒண்ணு மட்டும் இருந்தா ஒண்ணுமே தெரியாது. குடோன்ங்கிறது நூலகம் மாதிரி. எல்லாப் புஸ்தகத்தையும் ஜன்னல்ல அடுக்கி வைக்கிறதில்லை இல்லையா.

இந்த ஸ்டோர்ஹவுஸ் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா கொஞ்சம் சிரிப்பு வரும், ஏன்னா ஆரம்பக் காரணம் ஒண்ணும் பெரிய லட்சியம் இல்லை, வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்ன கதைதான். முன்னாடி இந்தப் பொருளெல்லாம் மேற்கு லண்டன்ல பிளைத் ஹவுஸ்னு ஒரு பழைய கட்டடத்துல இருந்துச்சு, போஸ்ட் ஆபீஸ் சேவிங்ஸ் பேங்கோட தலைமையகமா இருந்த கட்டடம். பிரிட்டிஷ் மியூசியம், சயின்ஸ் மியூசியம், வி அண்ட் ஏ மூணு பேரும் அதுல பங்கு போட்டு குடியிருந்தாங்க. 2015ல அரசாங்கம் அதை விக்கப் போறோம்னு சொல்லிடுச்சு. சயின்ஸ் மியூசியம் ஸ்விண்டன் பக்கத்துல ராட்டன்ங்கிற பழைய விமான தளத்துக்குப் போச்சு, பிரிட்டிஷ் மியூசியம் ரெடிங் பக்கம் போச்சு, வி அண்ட் ஏ கிழக்கு லண்டன்ல 2012 ஒலிம்பிக்ஸுக்கு டிவிக்காரங்க உக்காந்திருந்த மீடியா சென்டர்ல இடம் பிடிச்சாங்க. எப்படியும் எல்லாத்தையும் மூட்டை கட்டியாகணும், கட்டுறதுதான் கட்டுறோம் மக்கள் உள்ள வர்ற மாதிரியே கட்டிடுவோமேன்னு முடிவு பண்ணதுதான் புத்திசாலித்தனம். டில்லர் ஸ்கோஃபிடியோ பிளஸ் ரென்ஃப்ரோன்னு நியூயார்க் ஆர்க்கிடெக்ட்டுங்க டிசைன் பண்ணாங்க, 2025 மே 31 திறந்தாங்க. 16,000 சதுர மீட்டர், இரண்டரை லட்சம் பொருள், மூணரை லட்சம் புஸ்தகம், ஆயிரம் ஆவணத் தொகுப்பு. அனுமதி இலவசம்.

யோசனை புதுசான்னா அதுவும் இல்லை. கனடாவுல வான்கூவர்ல பல்கலைக்கழகத்தோட மானுடவியல் மியூசியம் 1976லயே இழுப்பறையெல்லாம் பார்வையாளரே இழுத்துப் பார்க்கிற மாதிரி வெச்சுடுச்சு. முழுக் கட்டடத்தையும் கிடங்காவே கட்டி அதையே காட்சியாக்கினது நெதர்லாந்துல ராட்டர்டாம், டிபோ பாய்மன்ஸ் வான் பூனிங்கன்னு பேரு, 2021 நவம்பர்ல திறந்தாங்க. உங்க பயணத்துல ஆம்ஸ்டர்டாம் இருக்குன்னு எழுதியிருக்கீங்க, ரயில்ல பக்கம்தான், அதனால சொல்றேன். கவுத்துப் போடாத பெரிய சாதக் கிண்ணம் மாதிரி ஒரு கட்டடம், வெளிய பூரா 1,664 முகம் பார்க்கிற கண்ணாடி பேனல், 39.5 மீட்டர் உயரம், மொட்டைமாடியில 75 பிர்ச் மரம். ஊரே கடல் மட்டத்துக்குக் கீழ, மியூசியத்தோட பழைய கிடங்கு தரைக்கடியில, தண்ணி புகுந்துடும்ங்கிற பயத்துலயே இருந்தவங்க அவங்க. ஒண்ணரை லட்சத்துக்கும் மேல பொருள். அங்க ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஓவியம், சிற்பம், 17ஆம் நூற்றாண்டு, 20ஆம் நூற்றாண்டுன்னு பிரிக்காம, எந்தப் பொருளுக்கு எந்தக் குளிர், எந்த ஈரப்பதம் வேணுமோ அதை வெச்சுப் பிரிச்சிருக்காங்க. உலோகம் ஒரு பக்கம், கலர் போட்டோ இன்னொரு குளிர்ல, கறுப்பு வெள்ளை போட்டோ வேற குளிர்ல. பெரிய ஓவியரோட படமும் பேர் தெரியாத ஒருத்தரோட படமும் ஒரே இரும்புச் சட்டத்துல பக்கத்துப் பக்கத்துல தொங்கும். அங்க டிக்கெட்டுக்குக் காசு உண்டு, ரூமுக்குள்ள போகணும்னா கைடோட குழுவாத்தான் போகணும், மத்தபடி நடுவுல இருக்கிற கண்ணாடிப் படிக்கட்டுலேர்ந்து பார்க்கிறதுதான்.

லண்டனுக்கே வர்றேன். படியேறி உள்ள போனதும் கட்டடத்தோட நடு வயித்துக்குள்ள நிப்பீங்க. சாதாரணமா எந்தக் குடோன்லயும் வெளியாள் நிக்கவே முடியாத இடம் அது. 20 மீட்டர் உயரத்துக்கு நாலாபக்கமும் இரும்பு ராக், நாற்காலி, சிலை, சைக்கிள், பெட்டி, மரப் பேலட், எல்லாம் கலந்து. காலடியில ஒரு இடத்துல கண்ணாடித் தரை, அது வழியா கீழ பார்த்தா வெள்ளைச் சலவைக்கல் தூண் வரிசை தெரியும். ஆக்ரா கோட்டையில ஷாஜஹான் காலத்துக் குளியலறைக் கட்டடத்துலேர்ந்து வந்தது. அதைக் கண்ணாடி வழியா எட்டிப் பார்க்கும்போது எனக்கு மனசு ஒரு மாதிரியாத்தான் ஆச்சு. வேலைப்பாடு அப்படியே நிக்க வைக்குது, அது ஏன் ஆக்ராவுல இல்லாம கிழக்கு லண்டன் ஹாக்னி விக்ல இருக்குங்கிற கேள்வியும் கூடவே வருது. பிரிட்டன்ல 1983ஆம் வருஷத்துப் பாரம்பரியச் சட்டம் ஒண்ணு இருக்கு, அதுப்படி வி அண்ட் ஏ நினைச்சாலும் ரொம்பச் சில காரணத்துக்குத் தவிர பொருளைக் கைமாத்த முடியாது. குடோனைத் திறந்ததால அந்தக் கேள்வி தீர்ந்துடலை. ஆனா இருட்டுல இருந்தவரைக்கும் கேக்கக்கூட ஆள் இல்லாம இருந்துச்சு.

உங்கம்மாவை நேரா ஃபிராங்ஃபர்ட் கிச்சனுக்குக் கூட்டிட்டுப் போங்க. 1926ல மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கின்னு ஆஸ்திரியாக்காரம்மா, ஆர்க்கிடெக்ட், ஃபிராங்ஃபர்ட்ல தொழிலாளர் குடியிருப்புக்காக வடிவமைச்ச சமையலறை. எத்தனை அடி நடக்கிறோம், எங்க கை நீளுதுன்னு கணக்குப் போட்டுக் கட்டினது, பருப்பு, மாவு, சர்க்கரை போட்டு வைக்க ஊத்துமூக்கு வெச்ச அலுமினிய டப்பா வரிசை, எடுத்து அப்படியே கொட்டிக்கலாம். இன்னிக்கு நம்ம ஊர்ல ரெண்டு லட்சம் மூணு லட்சம் குடுத்துப் போடுற மாடுலர் கிச்சனோட பாட்டி இதுதான். நான் போனப்போ ஒரு வயசான அம்மா அதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் நின்னு "மிக்ஸி வைக்க இடம் இல்லையே"ன்னு தமிழ்ல சொன்னாங்க, நான் சிரிச்சுட்டேன், அப்புறம் அரை மணி நேரம் பேசிக்கிட்டிருந்தோம். இது தவிர ஃபிராங்க் லாய்ட் ரைட் வடிவமைச்ச ஒரு முழு ஆபீஸ் அறை, ஸ்பெயின்ல ஒரு அரண்மனையோட 15ஆம் நூற்றாண்டு மரக் கூரை, 1972ல கட்டி முடிச்சு பின்னாடி இடிச்ச ராபின் ஹூட் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்போட வெளிச்சுவர்த் துண்டு, எல்லாம் இருக்கு. பிக்காசோ படத்தைப் பெருசாக்கி 1924ல நடன நாடகத்துக்குத் தீட்டின திரைச்சீலை ஒண்ணு இருக்கு, பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர்னு வெச்சுக்கங்க, சாதாரண மியூசியம் சுவர்ல எங்க மாட்டுறது அதை. டேவிட் போவி பாட்டு பிடிக்கும்னா அவரோட சட்டை, கையெழுத்துக் காகிதமெல்லாம் 2025 செப்டம்பர்லேர்ந்து இங்கதான், பிடிக்காதுன்னா விட்டுடுங்க.

இப்ப கொஞ்சம் எச்சரிக்கை. குடோன்ல பொருளைக் கதை சொல்றதுக்காக அடுக்கலை, அளவு, எடை, எதால செஞ்சது, எந்த ராக்ல காலி இடம் இருந்துச்சுங்கிறதை வெச்சு அடுக்கியிருக்கு. பெரும்பாலான பொருளுக்குப் பக்கத்துல விளக்க அட்டை கிடையாது, கயித்துல கட்டின ஒரு நம்பர் சீட்டும் பார்கோடும்தான். ராக் முனையில சின்னச் சின்னக் காட்சியா கொஞ்சம் விளக்கத்தோட வெச்சிருக்காங்க, ஆனா மொத்தத்துல அது கொஞ்சம்தான். நிறையது பெட்டிக்குள்ள, இழுப்பறைக்குள்ள. அதனால சும்மா நடந்துக்கிட்டே போனா சூப்பர் மார்க்கெட்ல சுத்துற மாதிரிதான் இருக்கும், முதல் அஞ்சு நிமிஷம் "அடேயப்பா", அப்புறம் கண்ணு எதுலயும் நிக்காது. பையனுக்கு நிச்சயம் அலுத்துடும். பெரியவங்களுக்கும் அலுக்கும், ஒத்துக்கமாட்டாங்க.

எங்கப்பா யாருக்குச் சேலை எடுக்கப் போனாலும் முதல்ல முந்தியைப் பார்க்க மாட்டார், சேலையைத் திருப்பி பின்பக்கத்தைப் பார்ப்பார். நூல் எங்க முடிஞ்சிருக்கு, ஜரிகை எங்க தொங்குது, கையில நெய்ததா மெஷினா, எல்லாம் பின்னாடிதான் இருக்கும்பார். கிடங்குக்குப் போறதும் எனக்கு அதுதான். காட்சிக்கூடத்துல பொருளோட முகத்தைக் காட்டுவாங்க. கிடங்குல அதோட முதுகு தெரியும். நாற்காலிக்கு அடியில பட்டறைக்காரன் சாக்பீஸ்ல போட்ட அடையாளம், ஓவியச் சட்டத்துக்குப் பின்னாடி பழைய ஏலக் கடையோட சீட்டு, ரெண்டு மூணு மியூசியம் மாறி வந்ததுக்கு ரெண்டு மூணு நம்பர், எப்பவோ யாரோ ஒட்டின பசை. அதைப் பார்க்கணும்னா ஒரு வழி இருக்கு, அங்க வர்றவங்கள்ல நிறையப் பேர் அதைப் பண்ணாமலே திரும்பிடறாங்க.

அதான் பொருளை ஆர்டர் பண்ற வசதி. வி அண்ட் ஏ இணையதளத்துல கலெக்‌ஷனைத் தேடலாம், ஒவ்வொரு பொருளோட பக்கத்துலயும் அது இப்ப எங்க இருக்குன்னு போட்டிருக்கும், ஸ்டோர்ஹவுஸ்ல இருக்குன்னு போட்டிருந்தா நீங்க அதைக் கேக்கலாம். ஒரு தடவைக்கு அஞ்சு பொருள் வரைக்கும், குறைஞ்சது ரெண்டு வாரம் முன்னாடி பதிவு பண்ணணும், காசு கிடையாது. ஆராய்ச்சியாளரா இருக்கணும்னு அவசியம் இல்லை, ஏன் கேக்கிறீங்கன்னு விசாரணை கிடையாது. நீங்க போற நாள்ல ஒரு ரூம்ல மேஜை மேல அந்தப் பொருளை எடுத்து வெச்சு, பக்கத்துல ஒரு ஆளும் நிப்பாங்க. உலகத்துல பல மியூசியம்ல இதுக்கு ஆராய்ச்சிக் கடிதம், சிபாரிசு, மூணு மாசக் காத்திருப்பு எல்லாம் வேணும், நானே அப்படிப்பட்ட கடிதங்களைப் படிச்சு இல்லைன்னு பதில் போட்டிருக்கேன், அதனால சொல்றேன், இது சின்ன விஷயம் இல்லை.

தேடும்போது ரெண்டு தந்திரம். ஒண்ணு, பழைய இங்கிலீஷ்காரன் ஊர்ப் பேர்ல தேடுங்க. தஞ்சாவூர்னு தேடினா கொஞ்சம்தான் வரும், டாஞ்சோர்னு தேடுங்க, திருச்சிக்கு ட்ரிச்சினாபொலி, சென்னைக்கு மெட்ராஸ், நம்ம கடற்கரை மொத்தத்துக்கும் கோரமாண்டல் கோஸ்ட். ரெண்டு, நம்பரைப் படிக்கக் கத்துக்கங்க. டி-ன்னு ஆரம்பிச்சா துணி, ஐ.எஸ்.னு இருந்தா இந்தியப் பிரிவு, கடைசியில இருக்கிற நாலு இலக்கம் பெரும்பாலும் மியூசியத்துக்கு வந்து சேர்ந்த வருஷம், செஞ்ச வருஷம் இல்லை. திப்புவோட புலி பொம்மை இருக்கே, அதோட நம்பர் 2545, பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள ஐ.எஸ். (அது இங்க இல்லை, தெற்கு கென்சிங்டன் மியூசியத்துலதான், பையன் கேப்பான், முன்கூட்டியே சொல்லிடுங்க.)

நான் உங்க இடத்துல இருந்தா கோரமாண்டல் சிண்ட்ஸ் துணி ஒண்ணைக் கேப்பேன். பருத்தித் துணி மேல கலம்ங்கிற மூங்கில் பேனா வெச்சுக் கையால வரைஞ்சு, படிகாரமும் இரும்புக் கரைசலும் பூசி, சாயவேர்ல சிவப்பு ஏத்தி, மெழுகு தடவி அவுரியில நீலம் முக்கினது, 17, 18ஆம் நூற்றாண்டுல ஐரோப்பா பூரா கட்டில் திரையாவும் கவுனாவும் பைத்தியமா வாங்கினது. அங்க இருந்த நெசவாளர்களும் பட்டு வியாபாரிகளும் பொழப்பு போகுதுன்னு கத்தி, பிரான்ஸ் 1686ல தடை போட்டுச்சு, இங்கிலாந்து 1721ல உள்நாட்டுல உடுத்துறதுக்கே தடை போட்டுச்சு. கண்ணாடிக்குப் பின்னாடி பார்த்தா அது ஒரு பூப்போட்ட துணி. மேஜையில வெச்சு, "ஓரத்தைக் கொஞ்சம் திருப்பிக் காட்ட முடியுமா"ன்னு கேட்டா, சாயம் பின்பக்கம் வரைக்கும் இறங்கியிருக்கிறது தெரியும், சில துணியில கோடு ஒரே அளவா இல்லாம கை நின்ன இடத்துல தடிச்சிருக்கிறதும் தெரியும். அந்த ரூம்லேர்ந்து ஒரு தமிழ்ப் பையன் அதைப் பார்த்துட்டு வந்தான்னா அப்புறம் பாடப் புஸ்தகத்துல கிழக்கிந்தியக் கம்பெனின்னு வர்ற வரி அவனுக்கு வேற மாதிரி இருக்கும். ஆனா துணியைத் திருப்பலாமா வேண்டாமாங்கிறது அந்தத் துணியோட உடம்பைப் பொறுத்தது. முடியாதுன்னா வற்புறுத்தாதீங்க, அவங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்.

தொடுறதைப் பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா பையன் தொட ஆசைப்படுவான். சில பொருளைத் தொட விடுவாங்க, சிலதை மாட்டாங்க. சினிமால காட்டுற வெள்ளைப் பருத்திக் கையுறையை நாங்க இப்பப் பெரும்பாலும் போடறதில்லை, வழுக்கும், நூல் மாட்டிக்கும், நைட்ரைல்ங்கிற செயற்கை ரப்பர் கையுறை போடுவோம், இல்லைன்னா கையை நல்லாக் கழுவித் துடைச்சுட்டு வெறும் கை. கையுறை பொருளைக் காப்பாத்த மட்டும் இல்லை, பழைய பாடம் பண்ண மிருகத் தோல்ல ஆர்சனிக், ரோமத்தை அழுத்திச் செஞ்ச பழைய தொப்பியில பாதரசம்னு இருக்கும், நம்மளைக் காப்பாத்தவும்தான். எங்க தொழில்ல முதல் பாடம் ஒண்ணு, எடுக்கிறதுக்கு முன்னாடி எங்க வைக்கப் போறோம்னு பார்க்கணும். ரெண்டாவது பாடம், கைப்பிடி எடுக்கிறதுக்கு இல்லை. ரெண்டாவதை நான் அவமானப்பட்டுத்தான் கத்துக்கிட்டேன். வேலையில சேர்ந்த ரெண்டாம் வருஷம், ஒரு கிடங்குல, பேர் வேண்டாம், ஒரு பீங்கான் டீ கெட்டிலைக் கைப்பிடியைப் பிடிச்சுத் தூக்கினேன். கைப்பிடி மட்டும் கையில வந்துச்சு. நல்லவேளை கீழ ஸ்பாஞ்ச் மெத்தை போட்டிருந்தோம். நூறு வருஷம் முன்னாடி யாரோ ஒட்டி, மேல பெயின்ட் அடிச்சு மறைச்ச ஒட்டு அது, பசை காஞ்சு போயிருந்துச்சு. என் சீனியர் திட்டலை, கெட்டிலைத் திருப்பி அந்த ஒட்டைக் காட்டி "முதல்ல இங்க பார்த்திருக்கணும்"னு மட்டும் சொன்னார். திட்டியிருந்தா மறந்திருப்பேன்.

சந்தேகம் இருக்கிற விஷயத்துக்கு வர்றேன். இப்படித் திறந்துவிடறது பொருளுக்கு நல்லதாங்கிறதுல எங்க தொழில்காரங்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்லை. கூட்டம் வந்தா தூசி வரும், தூசின்னா பெரும்பாலும் நம்ம துணியில உதிர்ற நூலும் தோலும்தான், தூசி இருந்தா அந்துப்பூச்சிக்கும் கம்பள வண்டுக்கும் விருந்து. ராக் அடியில சின்ன அட்டை வீடு மாதிரி ஒட்டுப்பொறி இருக்கும், பையனைத் தேடச் சொல்லுங்க, புதையல் வேட்டை மாதிரி. பூச்சி வந்துட்டா நாங்க மருந்து அடிக்கிறதை விட, தாங்கக்கூடிய பொருளாப் பார்த்து பாலிதீன்ல சுத்தி மைனஸ் 30 டிகிரியில மூணு நாள் போடுவோம். சரி, கூட்டமே வராம பூட்டி வெச்சா பத்திரமான்னா, 2023 ஆகஸ்ட்ல பிரிட்டிஷ் மியூசியம் தன்னோட கிடங்குலேர்ந்து சுமார் 2,000 பொருள் காணாமப் போயோ, திருடுபோயோ, சேதமாகியோ இருக்குன்னு வெளிய சொல்ல வேண்டி வந்துச்சு, நிறையது பதிவேட்டுலயே ஒழுங்கா ஏறாத சின்னச் சின்ன ரத்தினக்கல், நகை. யாருமே பார்க்காத பொருள் போனா யாருக்கும் தெரியாது. என் கணக்குல தூசியைத் துடைச்சுக்கலாம், அதனால திறக்கிற பக்கம்தான் நான். ஆனா என்னோட வேலை பார்த்த ரெண்டு பேர், என்னை விட நல்லாத் தொழில் தெரிஞ்சவங்க, இது குடோன் இல்லை குடோன் மாதிரி போட்ட செட்டுன்னு சொல்றாங்க, மேல பொருளைச் சுத்தம் பண்ணிச் சீர்செய்யற கன்சர்வேஷன் ரூம்ல வேலை பார்க்கிறவங்களைக் கண்ணாடி வழியா எல்லாரும் பார்க்கிற மாதிரி வெச்சிருக்கிறதைச் சொன்னா "மிருகக்காட்சி சாலை"ங்கிறாங்க. ஒருத்தர் ஒரு ஓவியத்து முன்னாடி உக்காந்து பஞ்சுக் குச்சியால நாலு சதுர அங்குலம் அழுக்கு எடுக்க ஒரு காலைப் பொழுது ஆகும்ங்கிறதை மக்கள் பார்த்தா நல்லதுதான்னு எனக்குத் தோணுது. அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் உக்காந்தா அப்படித் தோணுமான்னா, கஷ்டம்தான்.

உங்க திட்டத்துக்கு: அரை நாள் ஒதுக்கலாம், ஆனா ஆர்டர் பண்ணாம வந்தா ஒரு மணி நேரம் போதும், மீதியை வேற எங்கயாவது செலவழிங்க. ஹாக்னி விக் ஸ்டேஷன் பக்கம், ஸ்ட்ராட்ஃபோர்டுலேர்ந்தும் பார்க் வழியா நடக்கலாம், அம்மாவுக்கு அந்த நடை ஜாஸ்தி, டாக்ஸி பிடிச்சுடுங்க. உள்ள லிஃப்ட் இருக்கு. கண்ணாடித் தரையில தலை சுத்துறவங்க ஓரமா நடந்துக்கலாம். பையையும் கோட்டையும் லாக்கர்ல வைக்கச் சொல்லுவாங்க, அம்மா மாத்திரையை முன்னாடியே கையில எடுத்து வெச்சுக்கட்டும். ஆர்டர் நேரத்தைக் காலையில போடுங்க, மதியச் சாப்பாட்டுக்கு ஈஸ்ட் ஹாம் போயிடலாம், அங்க நம்ம சாப்பாடு கிடைக்கும், அம்மாவுக்கும் நிம்மதி. திறக்கிற நேரம் நாளுக்கு நாள் மாறும், கிளம்புற வாரம் ஒரு தடவை அவங்க தளத்துல பார்த்துக்கங்க.

அஞ்சு பொருள்ல மூணு நீங்க தேடுங்க, ஒண்ணு அம்மா சொல்லட்டும், ஒண்ணைப் பையன் தேர்ந்தெடுக்கட்டும், அது செருப்பா இருந்தாலும் பொம்மை ரயிலா இருந்தாலும் மாத்தாதீங்க. அவன் தேர்ந்தெடுத்ததோட நம்பரை ரெண்டு பேப்பர்ல எழுதி ஒண்ணை அவன்கிட்டயும் ஒண்ணை உங்ககிட்டயும் வெச்சுக்கங்க, ஏன்னா ஒண்ணு எப்படியும் ஏர்போர்ட்லயே தொலைஞ்சுடும்.